நிற்காத சாலையில் ருமால்தோ

என் அக்கா நோயெமியைக் கட்டிய ருமால்தோ லான்சாவுக்கு வீட்டில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருந்தால் உடம்பு தாங்காது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பார். ஓடாத மின்விசிறியைக் கழற்றுவார். அது முடிந்ததும் ஓடுகிற மின்விசிறியையும் கழற்றுவார். "ஏய்யா, எங்கயாவது போய்த் தொலையேன்," என்று அக்காவே விரட்டுவாள். போய்விட்டால் அழுவாள்.

போவதற்கு அவருக்கு ஒரு தொழில் இருந்தது. அமெரிக்காவில் பள்ளிக்கூடங்கள் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிடும் மஞ்சள் பேருந்துகளை அங்கே போய் எடுத்து, மெக்சிகோவை நீளவாக்கில் கடந்து, குவாத்தமாலா மலைகளில் ஏறி இறங்கி, ஹொண்டுராஸில் எங்கள் ஊரான எல் ப்ரோக்ரெசோவுக்கு ஓட்டிக்கொண்டு வருவார். வண்டிகள் தோன் அபெலினோ என்ற முதலாளிக்கு. கூரையில் மூட்டை கட்டக் கம்பிச் சட்டம், பின்பக்கம் ஏணி, உள்ளே பிடித்துக்கொள்ளக் குழாய் எல்லாம் பற்றவைப்பது என் பட்டறை வேலை. ஹொண்டுராஸில் பாதிப் பேர் ஏதாவது ஓர் அமெரிக்கப் பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதிய வண்டியில்தான் வேலைக்குப் போகிறோம். அந்தப் பெயரை யாரும் படிப்பதில்லை.

ருமால்தோ படிப்பார். அந்த ஊர் எப்படி இருக்கும், அங்கே என்ன சாப்பிடுவார்கள் என்று ஓட்டிக்கொண்டே யோசித்துக்கொண்டு வருவாராம். வழக்கமாக டெக்சஸ் எல்லையில் ஏலத்தில் எடுத்து உடனே திரும்பிவிடுவார். ஒரு தடவைதான் ஊருக்குள்ளேயே போக நேர்ந்தது. ஆர்கன்ஸாவில் பைன் காட்டுக்கு நடுவே வேட்லி என்ற ஊர். வண்டியைக் கிளப்பினால் எரிபொருள் பம்பு வேலை செய்யவில்லை. பாகம் வெளியூரிலிருந்து வரவேண்டும். அது வரும்வரை பள்ளிக்கூடத்துப் பேருந்துக் கொட்டகையில், அந்த வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்தார்.

முதல் நாள் சாயங்காலம் ஓர் அம்மாள் வந்திருக்கிறாள். லோர்னா டாக்கெட் என்று பேர். அந்த வண்டியை வருஷக்கணக்காக ஓட்டியவள். ஆள் இருப்பது தெரியாமல் ஏறி, ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டு நின்றவள், பின்சீட்டிலிருந்து இவர் எழுந்ததும் கத்திவிட்டாள். இவரும் கத்திவிட்டார். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தபோதுதான் கவனித்தாராம், அவளுக்கு முன்பற்கள் இல்லை.

மறுநாள் அவள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வேகவைத்த பாத்திரத்தோடு வந்தாள். ருமால்தோவுக்கு ஆங்கிலம் சாலைக்கும் சோதனைச் சாவடிக்கும் போதுமான அளவு. அவளுக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனாலும் பேசினார்கள்.

"இந்த வண்டியில அங்க யாரு ஏறுவா?" என்று கேட்டாளாம்.

"எல்லாரும். துணி ஆலைக்குப் போற பொண்ணுங்க, வாழைத்தார், கோழி, பைபிள் விக்கிறவன்."

"கோழியா!" என்று கைதட்டியிருக்கிறாள். "இங்க அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க. பக்கத்து ஊரோட சேக்கறாங்க. மர ஆலை போச்சு, பின்னாலயே ஜனம் போச்சு."

ஆஸ்பத்திரியும் போய்விட்டதாம். பல் வைத்தியத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் மண்டபத்தில் இலவச முகாம் நடக்கும், முந்தின ராத்திரியே காரில் படுத்து வரிசை போடவேண்டும், போன தடவை தன் முறை வருவதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது என்று சொன்னாள். ருமால்தோ அசந்துபோனார். "எங்க ஊருக்கு உங்காளுங்க வராங்களே! வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு, தேவாலயத்துல நாற்காலி போட்டு, எல்லாருக்கும் பல்லு புடுங்குவாங்க. எனக்கே ரெண்டு புடுங்கினாங்க," என்று வாயைத் திறந்து காட்டினார்.

அவள் குனிந்து பார்த்தாளாம். "அவ்வளவு தூரம் வராங்களா? வேட்லிக்கு வழி தெரியலையா அவங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் அவர் அவளுடைய புது வண்டியின் பின்னால் போனார். பிள்ளைகள் போகும் வண்டியில் வெளியாளை ஏற்றக்கூடாது என்பதால், மெக்கானிக்கின் பிக்கப்பில். பனி இறங்கியிருந்தது. ஒரு வீட்டுக்கு எதிரே பேருந்து நின்றது. சிவப்பு விளக்குகள் மின்னின. ஓட்டுநர் பக்கத்திலிருந்து 'நில்' என்று எழுதிய பலகை கை நீட்டுவதுபோல் நீண்டது. எதிரே மரம் ஏற்றி வந்த பெரிய லாரி காற்று பிரேக் அலற நின்றது. ஒரே ஒரு சின்னப் பையன் சாலையைக் கடந்தான். பை கீழே விழுந்தது. குனிந்தான், உள்ளிருந்ததெல்லாம் கொட்டியது, உட்கார்ந்து பொறுக்கினான். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. லாரிக்காரன் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு காத்திருந்தான்.

இதை என்னிடம் எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த லாரிக்காரனைப்போல் கன்னத்தில் கைவைத்துக் காட்டுவார்.

ஊர் திரும்பியதும் மிரியான் கடை வாசலில் கதை கேட்கக் கூடிவிட்டார்கள். மிரியான் எங்கள் குடியிருப்பில் பெட்டிக்கடை வைத்திருப்பவள். காலையில் பீன்ஸ் தடவிய மாவு ரொட்டியும் சுட்டு விற்பாள். ருமால்தோ வேட்லியைப் பற்றிச் சொன்னார். பலகை அடித்து மூடிய கடைகள், சக்கரம் வைத்த வண்டிவீட்டில் தனியாகக் குடியிருக்கும் லோர்னா, பக்கத்து வீட்டுக்காரன் செத்தது ஒரு வாரம் கழித்துத் தெரிந்த கதை.

"பல்லில்லாத கிரிங்காவா?" என்று மிரியான் சிரித்தாள். அமெரிக்கக்காரியை நாங்கள் கிரிங்கா என்போம். "ஏன் மாமா, பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேணாமா?"

"என் கண்ணால பாத்தேன்டி."

"டெக்சஸ்ல என் தம்பி இருக்கான். அவன் குளிர்பெட்டியில ஐஸ் தானா வந்து விழுது. நீ எந்த அமெரிக்காவுக்குப் போன?"

"அதுவும் இருக்கு, இதுவும் இருக்கு! அங்க நாய்க்கு டாக்டர் இருக்கான், அந்தம்மாவுக்கு இல்ல. இங்க நீ செத்தா அரை மணி நேரத்துல ஊரே துக்கம் கேட்டு காப்பி குடிக்க வந்துரும். அங்க—"

"அப்ப நீ அங்க போய்ச் சாகாத," என்றாள் மிரியான். எல்லோரும் சிரித்தார்கள். ருமால்தோ எழுந்து போய்விட்டார். அவர் கண்ட நாட்டைக் கேட்க இங்கே யாருக்கும் மனம் இல்லை. எல்லோரிடமும் ஏற்கெனவே ஓர் அமெரிக்கா இருந்தது.

பட்டறையில் அந்த வேட்லி வண்டி நின்றது. வழக்கம்போல் 'நில்' பலகையைக் கழற்ற ஸ்பேனரோடு போனேன். அது எங்களுக்கு ஒரு தொல்லை, சந்துகளில் சுவரை உரசும்.

"அதுல கை வைக்காத மாப்ள."

"எதுக்கு மச்சான்? இரும்புக் கடைக்குப் போடலாம்."

"அது வேலை செய்யுது. செய்யட்டும்."

"இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. எவன் படிப்பான்?"

"அப்ப ஸ்பானிஷ்ல எழுது."

எழுதினேன். சிவப்பை மறுபடி பூசி, வெள்ளையில் எங்கள் மொழியில் 'நில்'. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தோன் அபெலினோ வந்து பார்த்துவிட்டு, "இது என்னப்பா காது மாதிரி?" என்றார். ஆனால் அந்த வண்டியை ஓட்ட ருமால்தோவே முன்வந்ததால் விட்டுவிட்டார். அடுத்த பயணம் வரை டெலா போகும் நெடுஞ்சாலையில் ஆலைப் பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றி இறக்கும் தடம் அவருக்குக் கிடைத்தது.

எங்கள் குடியிருப்பு அந்த நெடுஞ்சாலையின் ஒரு பக்கம். பள்ளிக்கூடம் மறுபக்கம். நடுவில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள், கரும்பு வண்டிகள், மூன்று பேர் தொற்றிய மோட்டார் சைக்கிள்கள் ஓயாமல் பறக்கும். ருமால்தோ பள்ளிக்கூடத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தி, விளக்கைப் போட்டு, பலகையை நீட்டினார். முதல் நாள் யாரும் நிற்கவில்லை. அவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். "கண்ணு தெரியலையாடா? நில்லுடா!"

"உங்கப்பன் ரோடா?" என்று ஒரு லாரிக்காரன் பதில் கத்திப் போனான்.

பேருந்துக்குள் இருந்த பெண்கள் பொறுமை இழந்தார்கள். "அண்ணே, ஆலைக் கதவைச் சாத்திருவான். உங்க விளையாட்டை ஞாயித்துக்கிழமை வச்சுக்கங்க." ஆனால் அவர் விடவில்லை. மெல்ல மெல்ல ஒன்றிரண்டு வண்டிகள் தயங்க ஆரம்பித்தன. சிலர் விளக்கைப் பார்த்து விபத்தோ என்று வேகம் குறைத்தார்கள். சிலர் பயந்து நின்றார்கள். அதுவே அவருக்குப் போதையாகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு ஒரு கரும்பு லாரி நின்னுச்சு!" என்பார். பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். பலகை நீண்டதும் சிட்டாய்ப் பறப்பார்கள்.

மிரியானின் மகள் யோசெலின் அப்படித்தான் பறந்தாள். லாரி ஒன்று நின்றது. நின்ற லாரியின் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் விலகி முந்தி வந்தது. அவள் பலகையைப் பார்த்தாளே தவிர, சாலையைப் பார்க்கவில்லை. ஓட்டியவன் விழுந்து எழுந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடியே போய்விட்டான்.

குழந்தையைத் தூக்கிப் பேருந்திலேயே போட்டு, ஆலைப் பெண்கள் கையால் கால் அசையாமல் பிடித்துக்கொள்ள, ருமால்தோ வழியில் எங்கும் நிற்காமல் சான் பெத்ரோ சூலா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். தொடை எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார்கள். எலும்புக்கு வைக்கும் தகடும் திருகாணியும் ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்றார்கள். அவர் அந்த வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினார். நானும் கூடப் போனேன். ஒரு கடையில் தகட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "சின்னதா இருக்கு மாப்ள. எவ்வளவு சின்னதா இருக்கு பாரு," என்றார்.

மிரியான் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"அவ எப்பவும் ரெண்டு பக்கமும் பாத்துத்தான் போவா. நான் அடிச்சு அடிச்சுப் பழக்கி வச்சிருந்தேன். நீ அவளுக்குப் பாக்க வேணாம்னு கத்துக் குடுத்துட்ட."

"மிரியான்…"

"உன் கிரிங்கோ பலகையை உன் வீட்டு வாசல்ல மாட்டிக்கோ. எங்க ரோட்டுக்குக் கொண்டு வராத."

அவர் பட்டறைக்கு வந்து, ஸ்பேனரை எடுத்து, பலகையைத் தானே கழற்றினார். கழற்றிவிட்டு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தூக்கிக்கொண்டு நடந்தார். நான்தான் வாங்கி இரும்புக் குவியலில் போட்டேன்.

அன்று மாலை லோர்னாவைக் கூப்பிட்டார். அவ்வப்போது போனில் படம் அனுப்பிக்கொள்வார்கள், பேசுவது அபூர்வம். நான் பக்கத்தில் இருந்தேன். அரைகுறை ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னார். "உங்க ஊர்ல நிக்கிறாங்க. எங்க ஊர்ல நிக்கல. நாங்க என்ன ஜனமோ தெரியல," என்றார்.

அவள் வெகுநேரம் பேசினாள். அவர் கேட்டுக் கேட்டு எனக்குத் திருப்பிச் சொன்னார்.

"அவ அக்காகூடப் படிச்ச பையன் ஒருத்தன் அப்படித்தான் செத்தானாம், பஸ்லேர்ந்து இறங்கி. அப்பல்லாம் அங்கயும் எவனும் நிக்கமாட்டானாம். பலகை மாட்டின பிறகும் நிக்கலையாம். போலீஸ்காரன் புதருக்குப் பின்னால வண்டியை வச்சுக்கிட்டு ஒருத்தன் விடாம புடிச்சானாம். அதுல பயந்துதான் நின்னாங்களாம்."

"அப்ப அந்த லாரிக்காரன், கன்னத்துல கை வச்சவன்?"

அவர் அதையும் கேட்டார். பதிலைக் கேட்டு முகம் ஒரு மாதிரி ஆனது. "அவன் அவளோட மச்சினனாம். ரெண்டு தடவை மாட்டி, லைசென்ஸைக் கொஞ்ச நாள் புடுங்கி வச்சிருந்தாங்களாம். அதான் அவ்வளவு பொறுமை."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்காமலே எழுந்து வெளியே போனார். அதுவரை அமெரிக்கர்களுக்கு ஏதோ நல்ல ரத்தம் ஓடுகிறது, நமக்கு இல்லை என்று அவருக்குள் ஒரு வேதனை இருந்தது. அது போனதும் அவர் அமைதியாகியிருக்க வேண்டும். இன்னும் மோசமானார். ரத்தத்தில் இல்லையென்றால் செய்யக்கூடிய காரியம்தானே? செய்யாமல் உட்கார்ந்திருப்பது அவரால் எப்படி முடியும்?

நகராட்சிக்குப் போனார். "அது தேசிய நெடுஞ்சாலை, எங்களுது இல்ல," என்றார்கள். நெடுஞ்சாலை அலுவலகத்தில், "பள்ளிக்கூடம் நகராட்சியோடது, அவங்க கேக்கணும்," என்றார்கள். போலீஸிடம் போனார். புதருக்குப் பின்னால் வண்டி வைக்கச் சொன்னார். "வண்டிக்கு டீசல் யார் போடுவா? நீயா?" என்று கேட்டார்கள். மறுபடி நகராட்சி. மறுபடி நெடுஞ்சாலை.

கடைசியில் மிரியான் கடைக்குத்தான் வந்து நின்றார். குழந்தை வீட்டுக்கு வந்திருந்தாள், கட்டோடு படுத்திருந்தாள். மிரியான் அவர் முகத்தைப் பார்க்காமல் ரொட்டி தட்டினாள்.

"மறியல் பண்ணணும்," என்றார்.

"இத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினியே, இதைச் சொல்ல உனக்கு அமெரிக்கா போயிட்டு வரணுமா?" என்றாள் அவள். "பழைய டயர் உன் மச்சினன்கிட்ட இருக்குமில்ல?"

சாலை மறியல் எங்களுக்குப் புதிதல்ல. தண்ணீருக்கு, கரண்டுக்கு, ஆசிரியர் சம்பளத்துக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். விடிந்ததும் டயர்களை உருட்டிப் போட்டுக் கொளுத்தினோம். மிரியான் நாற்காலியைச் சாலை நடுவில் போட்டு, கட்டுப் போட்ட மகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். செம்பனை லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. தோன் அபெலினோவின் பேருந்துகளும் நின்றன. அவர் நடந்தே வந்துவிட்டார், கரியும் வேர்வையுமாக.

"ருமால்தோ, என் வண்டியை ஓட்டற நீ என் வண்டியையே மறிக்கிறியா?"

"உங்க வண்டி நிக்குது முதலாளி. இந்த ரோட்டுல நின்னு இப்பத்தான் பாக்கறேன்."

"இனிமே நீ அதுல ஏற வேணாம்."

"சரி," என்றார் ருமால்தோ. சாவியைக் கொடுத்துவிட்டு இன்னொரு டயரை உருட்டப் போய்விட்டார். நோயெமி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு சாலையோரத்திலேயே உட்கார்ந்தாள்.

மத்தியானம் ஓர் அதிகாரி வந்து வேகத்தடை போட்டுத் தருவதாக எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தார். டயரை அணைத்தோம். வேகத்தடை வரவில்லை. மழை வந்தது, போனது. வேகத்தடை வரவில்லை. அதனால் நாங்களே போட்டோம். ஆற்றிலிருந்து சரளை கொண்டுவந்தார்கள், ஒவ்வொரு வீட்டிலும் மிச்சமிருந்த சிமெண்டைத் தந்தார்கள். கம்பி வளைத்துப் பற்றவைத்தது நான். மிரியான் மண்வெட்டியால் கலவை கலந்துகொண்டே ருமால்தோவைத் திட்டினாள். திட்டத் திட்ட அவர் தண்ணீர் ஊற்றினார். பாதிச் சாலையை மறித்து ஒரு பக்கம், அது இறுகியதும் மறுபக்கம். முடிந்ததும் சுண்ணாம்பு அடித்தோம். முதலில் அதன்மேல் ஏறி ஸ்பிரிங் கட்டையை உடைத்துக்கொண்டது தோன் அபெலினோவின் பேருந்துதான். அவர் வந்து திட்டினார். பழுது பார்க்க என் பட்டறைக்கே அனுப்பினார்.

நெடுஞ்சாலை ஆட்கள் ஒரு நாள் வந்து, நாடா பிடித்து அளந்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். இடிக்கவில்லை. இப்போது எல்லா வண்டியும் அங்கே ஊர்கிறது. ஊர்வதால் வாழைக்காய் வறுவலும் இளநீரும் விற்கிறவர்கள் இரண்டு பக்கமும் கூடிவிட்டார்கள். மிரியானும் ஒரு மேசை போட்டிருக்கிறாள். யோசெலின் லேசாகக் கால் இழுத்து நடப்பாள். ருமால்தோ கை பிடித்துக் கடத்திவிடப் போனால், "எனக்கே தெரியும் மாமா, நீங்க தள்ளுங்க," என்று விரட்டிவிடுவாள்.

ருமால்தோ அடுத்த பயணத்துக்காக வேறொரு முதலாளியைப் பிடித்தார். ஆனால் அமெரிக்கத் தூதரகத்தில் விசாவைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. லோர்னாவிடம் சொன்னபோது, "அப்ப நான் வர்றேன், என் வண்டியையும் கோழிகளையும் பாக்கணும்," என்றாளாம். அவளுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. கடலையே பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு தூரத்து ஊருக்கு ஓட்டுகிறாள், விடியுமுன் கிளம்பவேண்டும், லீவு கிடையாது. வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு படங்கள் மட்டும் வந்தன. இப்போது பண்டிகைக்கு மட்டும் ஒன்று வருகிறது. அவள் உலகத்தில் எங்கும் போகலாம், போக முடியவில்லை. இவர் எங்கும் போகக் கூடியவர், விடமாட்டேன் என்கிறார்கள். இதை ருமால்தோவிடம் சொன்னேன். "அதையே நினைச்சுக்கிட்டிருந்தா பைத்தியம் புடிச்சிரும் மாப்ள," என்றார்.

இப்போது அவர் ஒலாஞ்சோ மலைப்பக்கம் சரக்கு லாரி ஓட்டுகிறார். சனிக்கிழமை வருவார். பட்டறைக்கு வந்து, "தெற்கே சோலுதேகாவுல ஒரு வேலை இருக்காம்," என்பார். அடுத்த வாரம் அது வேறோர் ஊராக இருக்கும். போன ஞாயிறு அக்கா காப்பியை ஊற்றி மேசையில் வைத்துவிட்டு என்னையும் உட்காரச் சொன்னாள். வெளியே லாரி உறுமியது.

"ஏய்யா, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை! ஆறிடும்யா!"

"வந்து குடிக்கிறேன்!"

அக்கா ஜன்னல் பக்கம் போகவில்லை. அந்தக் கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

"நீ குடி. அந்த ஆளு அடுத்த சனிக்கிழமைதான் வரும்."